வண்டிக்கு ஒரு பிரிட்ஜ்

பிரிட்ஜ் என்பது வசதி உள்ளவர்கள் வீட்டுச் சாமான் என்று நினைத்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. 1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கி யாழ்ப்பாணத்துக்கு வந்த மின்சாரம் நின்றபோது, அதை வைத்திருந்தவர்கள் வீட்டிலும் அது எலி புகாத அரிசிப் பெட்டியாக மாறியது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த அந்த ஆண்டுகளில் குளிர்ந்த தண்ணீரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இன்று எமது பெண்கள் பலருக்குப் பிரிட்ஜ் ஒரு தொழிற்கருவி. யோகட் செய்பவர், மீன் விற்பவர், நெல்லிரசமும் மோரும் போத்தலில் அடைத்துக் கொடுப்பவர் எல்லோருக்கும் அது தேவை. இன்சுலின் ஏற்றும் தாய்மாருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே எந்தப் பிரிட்ஜை எடுப்பது, அதற்குக் கரண்ட் எங்கிருந்து வரும் என்பது எமது பக்கங்களில் பேசவேண்டிய விடயம்தான்.

அச்சுவேலியில் எங்கள் மாதர் சங்கத்துக்கு வரும் ஒரு தங்கச்சி இதை என்னிடம் கொண்டுவந்தா. 2009இல் கணவனை இழந்தவ. இரண்டு பிள்ளைகள். வீட்டில் யோகட்டும் நெல்லிரசமும் செய்து கடைகளுக்குப் போடுகிறா. தமையனின் பழைய பட்டா வாகனம் ஒன்று வீட்டில் நிற்கிறது. ஆவணி மாதத்தில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதித் திருவிழாவுக்கும், ஆவணி 15இல் மடு மாதா திருநாளுக்கும் அதில் பொருட்களை ஏற்றிப்போய் விற்கலாம் என்பது அவவின் எண்ணம்.

“அக்கா, வண்டிக்குள்ள வைக்க ஒரு பிரிட்ஜ் எடுப்பம் எண்டு இருக்கிறன். தவணையில காசு கட்டலாம் எண்டு சொல்லினம். எதை எடுக்கிறது?”

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவள் என்பதால்தான் என்னைக் கேட்டா. எனக்குக் கணக்குத் தெரியும், பிரிட்ஜ் தெரியாது. மெல்பேர்னில் இருக்கும் என் சின்னம்மாவின் மகளுக்குத் தெரியும். அங்கே வீடு போலக் கட்டிய வண்டியை இழுத்துக்கொண்டு, கரண்ட் இல்லாத வெளிகளில் கிழமைக்கணக்கில் தங்குவார்கள். அவளும் கணவனும் அப்படிப் போகிறவர்கள். இரண்டு மூன்று இரவுகள் தொலைபேசியில் அவளிடம் கேட்டு எழுதியதையும், எங்கள் அனுபவத்தில் கண்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

மூன்று வகைப் பெட்டிகள்

வண்டிக்குள் வைக்கக்கூடிய பெட்டிகள் மூன்று வகை.

முதலாவது, நெருப்புச் சூட்டில் வேலை செய்வது. சூட்டால் குளிர் வருமா என்று சிரிக்கவேண்டாம். சுவீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் 1922இல் கண்டுபிடித்த முறை இது. உள்ளே அமோனியாவும் தண்ணீரும் ஐதரசன் வாயுவும் அடைக்கப்பட்ட குழாய்கள் இருக்கும். சூடு அமோனியாவைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும். அது மறுபக்கத்தில் ஆவியாகும்போது பெட்டியின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மோட்டாரும் இல்லை, சத்தமும் இல்லை. கரண்ட் வராத ஊர்களில் மருந்தகங்களிலும் கடைகளிலும் இருந்த மண்ணெண்ணெய்ப் பிரிட்ஜ் இதுதான். மெல்பேர்ன் வண்டிகளில் இதே பெட்டி காஸில் எரிகிறது.

எங்களுக்கு இது சரிவராது. வண்டி சாய்ந்து நின்றால் ஒழுங்காகக் குளிராது. வெளியே 33, 34 பாகை வெயில் என்றால் திணறும். மூடிய வண்டிக்குள் சுவாலை எரிவது ஆபத்து. மண்ணெண்ணெயை நம்பவும் முடியாது. 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் அது லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை நாங்கள் மறக்கவில்லை.

இரண்டாவது, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. காரில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகுவது. உள்ளே கொம்பிரசர் இல்லை. ஒரு சின்னத் தகடும் காற்றாடியும்தான். வெளிச்சூட்டைவிடப் பதினைந்து, இருபது பாகைதான் இதனால் குறைக்க முடியும். அதாவது வெளியே 33 என்றால் உள்ளே 13 முதல் 18 பாகை வரை. யோகட்டுக்கு 5 பாகைக்குக் கீழே வேண்டும். போதாததற்கு இது ஓயாமல் ஓடும். 50 வாட் பெட்டி ஒரு நாளில் ஒரு யூனிற்றுக்கு மேல் குடித்துவிடும். விலையைப் பார்த்து ஏமாறக்கூடாதது இதுதான்.

மூன்றாவது, 12 வோல்ட் பற்றரியில் நேரடியாக ஓடும் கொம்பிரசர் பெட்டி. மேலே மூடி திறப்பது. விலை கூட. ஆனால் தேவையான குளிர் வந்ததும் தானே நின்றுவிடும். மேலே திறப்பதால் குளிர்ந்த காற்று கீழே கொட்டிப் போகாது. வண்டிக்கு பிரிட்ஜ்தான் வேண்டும் என்றால் இதுதான் என்றாள் என் தங்கை.

“வீட்டுப் பிரிட்ஜை இன்வேர்ட்டரில் போடேலாதோ?” என்று தங்கச்சி கேட்டா. போடலாம். ஆனால் வீட்டுப் பிரிட்ஜின் கொம்பிரசர் புறப்படும் கணத்தில் வழமையைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். ஓடும்போது 100 வாட் என்றாலும், அந்த ஒரு கணத்துக்காக 800, 1000 வாட் இன்வேர்ட்டர் வேண்டும். அந்த இன்வேர்ட்டரும் தன் பங்குக்குப் பற்றரியைத் தின்னும். குலுங்கும் வண்டிக்காகச் செய்யப்பட்ட பொருளும் அல்ல அது.

கரண்டுக்குக் கணக்கு

கணக்கு எங்கள் மீற்றரில் வருவதுதான். 50 வாட் பொருள் ஒரு மணித்தியாலம் ஓடினால் 50 வாட் மணி. 1000 வாட் மணி சேர்ந்தால் ஒரு யூனிற்.

45 லீற்றர் அளவான கொம்பிரசர் பெட்டி ஓடும்போது ஏறத்தாழ 45 வாட் எடுக்கும். எங்கள் வெயிலில் பாதி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். ஆகவே ஒரு நாளைக்கு 500 வாட் மணி, அரை யூனிற் என்று வைத்துக்கொள்ளலாம்.

12 வோல்ட், 100 அம்பியர் மணி என்று எழுதிய பற்றரியில் 1200 வாட் மணி உண்டு. ஆனால் ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். கையில் வருவது 600 தான். ஒரு பற்றரி, ஒரு நாள். லிதியம் பற்றரி என்றால் பத்தில் எட்டுப் பங்கையாவது எடுக்கலாம். கன ஆண்டு உழைக்கும். விலைதான் இடிக்கும்.

வண்டியின் சொந்தப் பற்றரியில் பிரிட்ஜைக் கொழுவவே கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டு வியாபாரம் செய்தால், இரவு வீட்டுக்கு வர வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதற்கு வேறு பற்றரி வேண்டும். ஓடும்போது எஞ்சின் அதையும் ஏற்றும்படி கொழுவலாம். ஆனால் அச்சுவேலியிலிருந்து சந்நிதிக்குப் போகும் சிறு தூரத்தில் ஒன்றும் ஏறாது. ஏ9 வீதியால் மடுவுக்குப் போகும் ஓட்டத்தில் ஓரளவு ஏறும்.

மற்றது சோலர். எங்கள் பக்கத்துத் தெளிந்த வெயிலில் 100 வாட் தகடு ஒன்று, இழப்புகள் போக, நாளுக்கு ஏறத்தாழ 350 வாட் மணி தரும். இரண்டு தகடு போட்டால் பெட்டிக்குப் போதும், மிச்சமும் வரும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் அந்தக் கணக்கு நிற்காது. இன்னொன்றும் இருக்கிறது. பிரிட்ஜுக்கு நிழல் வேண்டும், தகட்டுக்கு வெயில் வேண்டும். திருவிழாவில் எல்லோரும் வண்டியை வேப்பமர நிழலில்தான் விடுவார்கள். தகட்டைக் கூரையில் ஆணி அடித்துப் பூட்டினால் இரண்டில் ஒன்று கெடும். தகட்டைத் தனியே ஒரு சட்டத்தில் நிறுத்தி, நீளக் கம்பியில் கொண்டுவருவதே நல்லது. 12 வோல்ட்டுக்குக் கம்பி தடிப்பாக இருக்கவேண்டும். மெல்லிய கம்பியில் பாதி வழியிலேயே கரண்ட் சூடாகிப் போய்விடும். பற்றரிக்குக் கிட்ட ஒரு பியூஸ் கட்டாயம்.

குளிரைச் சேமித்த நாட்கள்

இவ்வளவையும் எழுதி முடித்தபோது எனக்கு அம்மாவின் முட்டி நினைவுக்கு வந்தது.

அம்மா இன்சுலின் ஏற்றுபவ. கரண்ட் இல்லாத ஆண்டுகள் முழுவதும் அவவின் மருந்து வீட்டு மூலையில் ஒரு மண்முட்டிக்குள் இருந்தது. பெரிய முட்டிக்குள் மணல் போட்டு, அதற்குள் சின்ன முட்டியை இறக்கி, மணலை ஈரமாக்கி விடுவோம். மருந்துப் போத்தல்களைப் பொலித்தீன் பையில் முடிந்து சின்ன முட்டிக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடுவோம். ஈரம் ஆவியாகப் போகும்போது சூட்டையும் கொண்டுபோகும். சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் வெளியே 33 பாகை என்றால் உள்ளே 26, 27க்கு இறங்கும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது. ஆனால் அப்போது வெயிலும் குறைவு.

1995 ஒக்டோபரில் அச்சுவேலியை விட்டு வெளிக்கிட்டோம். 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது அந்தச் சனத்தோடு நாங்களும் நாவற்குழிப் பாலத்தால் போனோம். அம்மா சைக்கிள் கரியரில். கைபிடியில் ஒரு சின்ன முட்டி. அதற்குள் விரலளவு தண்ணீர், இரண்டு மருந்துப் போத்தல். அன்றிரவு மழை. முட்டியைச் சுற்றிய துணியை நனைக்கும் வேலை எனக்கு இருக்கவில்லை. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மரத்தடியில் அந்த முட்டியை வைத்தபோது, அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த பக்கத்துக் குடும்பங்களும் தங்கள் பிள்ளைகளைக் கிட்ட விடவில்லை. அம்மா 2007 வரை எங்களோடு இருந்தா.

பாவிக்கத் தொடங்கிய இன்சுலின் போத்தல், வகையைப் பொறுத்து, 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு கிழமை தாக்குப்பிடிக்கும். திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். உறைந்துபோன இன்சுலினைப் பாவிக்கவே கூடாது. பிரீசரில் வைப்பதும் ஐஸ் கட்டியில் முட்ட வைப்பதும் வெயிலில் விடுவதற்குச் சமன். உங்கள் மருந்து எந்த வகை, எத்தனை நாள் வெளியில் வைக்கலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நாட்கணக்கில் நடந்து போகும் பாதயாத்திரையில் சேரும் அம்மாமாருக்கும் இதைச் சொல்லுங்கள்.

இந்த முட்டி முறைக்குப் பின்னாளில் உலக மதிப்பும் கிடைத்தது. நைஜீரியாவில் முகமது பா அபா என்ற ஆசிரியர், முட்டிக்குள் முட்டி வைத்து மரக்கறியைக் காக்கும் முறையைக் கிராமங்களில் பரப்பி 2000ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது பெற்றார். குஜராத்தில் 2001 பூகம்பத்துக்குப் பிறகு மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர் கரண்ட் இல்லாத மண் பிரிட்ஜ் செய்து விற்றார். மரக்கறிக்கும் தண்ணீருக்கும் இவை நல்லவை. பாலுக்கும் யோகட்டுக்கும் இந்தக் குளிர் போதாது.

ஆனால் முட்டி எனக்கு ஒன்றைக் காட்டியது. கரண்டைச் சேமிப்பதைவிடக் குளிரைச் சேமிப்பது மலிவு. தடுப்பூசிகளை வைக்க உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த சோலர் பிரிட்ஜுகளில் ஒரு வகைக்கு, குளிரைக் காக்கும் பெரிய பற்றரியே கிடையாது. பகலில் வெயில் உள்ளே தண்ணீரை ஐஸாக்கும். இரவில் அந்த ஐஸ் மருந்தைக் காக்கும். பற்றரி சில ஆண்டுகளில் சாகும். ஐஸ் சாகாது, உருகும், மறுபடி உறையும்.

திரும்பவும் கணக்கு

தங்கச்சியின் வண்டிக்கு இந்தக் கண்ணால் மறுபடி கணக்குப் பார்த்தோம்.

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது ஏறத்தாழ 93 வாட் மணி சூட்டை உறிஞ்சும். பத்துக் கிலோ ஐஸ் 930. ஒரு பெரிய ஈயப் பற்றரியால் ஓடும் பிரிட்ஜ் ஒரு நாளில் வெளியேற்றும் சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான். பற்றரியின் விலையையும் பத்துக் கிலோ ஐஸின் விலையையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, 20 லீற்றர் மோரையும் நெல்லிரசத்தையும் 30 பாகையிலிருந்து 5 பாகைக்குக் கொண்டுவர 580 வாட் மணி சூட்டை எடுக்கவேண்டும். அந்த வேலையை வண்டியில் வைத்துச் செய்தால் ஆறு கிலோவுக்கு மேல் ஐஸ் அதற்கே போய்விடும். முதல்நாள் இரவு வீட்டுப் பிரிட்ஜில் குளிரவைத்து ஏற்றினால் வண்டியில் குளிரைக் காப்பது மட்டும்தான் வேலை. குளிராக்குவது வீட்டில், காப்பது வண்டியில். இந்த ஒரு வசனத்தை அவ தன் கொப்பியில் எழுதிக்கொண்டா.

அந்த ஆவணிக்கு அவ பிரிட்ஜ் எடுக்கவில்லை. தடித்த சுவருள்ள இரண்டு குளிர்ப்பெட்டிகளை எடுத்தா. ரெஜிபோம் பெட்டி இன்னும் மலிவு, ஆனால் விளிம்பு உடைந்து பொடி உதிரும். உள்ளே ஒரு துணியும் வெளியே ஒரு சாக்கும் சுற்றவேண்டும். வீட்டு பிரீசரில் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்தா. போத்தலில் முழுக்க நிரப்பாமல் நாலு விரல் விட்டு நிரப்பவேண்டும், இல்லையேல் வெடிக்கும். போத்தல் ஐஸ் உருகினாலும் பெட்டி நனையாது, யோகட் கோப்பைக்குள் தண்ணீர் போகாது. மீன் வாடிகளுக்கு வரும் கட்டி ஐஸ் மலிவுதான். அதைக் குடிபானத்துக்குள் போடவே கூடாது, பெட்டிக்கு வெளிப்புறமாக வைக்கலாம். ஒரு பெட்டி விற்பனைக்கு, மற்றது இருப்புக்கு. இருப்புப் பெட்டியை அரை நாளைக்கு ஒருதரம்தான் திறப்பது. சின்னச் சமையல் வெப்பமானி ஒன்றும் உள்ளே. 5 பாகைக்கு மேல் ஏறி இரண்டு மணித்தியாலம் கடந்த யோகட்டை விற்பதில்லை என்று முடிவு செய்தா. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்பாரோ இல்லையோ, திருவிழாவில் சாப்பிடும் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள்தானே.

சந்நிதியில் ஒவ்வொரு நாளும் எத்தனை கோப்பை போனது, எத்தனை மிஞ்சியது, எத்தனை போத்தல் ஐஸ் முடிந்தது என்று எழுதினா. மடுவில் மூன்று நாள் கொட்டில் போட்டுத் தங்கியபோதுதான் ஐஸின் எல்லை தெரிந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் ஐஸ் முடிந்தது. யோகட்டை அன்றே விலை குறைத்து விற்று முடித்துவிட்டு, மூன்றாம் நாள் நெல்லிரசம் மட்டும் விற்றா. ஒரு நாள் வியாபாரத்துக்குப் பிரிட்ஜ் வேண்டாம், இரண்டு நாளுக்கு மேல் தங்கினால் வேண்டும் என்பது அந்தக் கொப்பியிலிருந்து வந்த விடை.

அடுத்த ஆண்டு சங்கத்துச் சீட்டை எடுத்து 12 வோல்ட் கொம்பிரசர் பெட்டி ஒன்றும் இரண்டு தகடும் ஒரு பற்றரியும் வாங்கினா. நாற்பது போத்தல் ஐஸையும் விடவில்லை. வெயில் உச்சியில் நிற்கும்போது பெட்டிக்குள் இரண்டு மூன்று போத்தலை உறையவைக்கிறா. இரவில் அவை காக்கின்றன. பற்றரி பாதிக்குக் கீழே இறங்குவதில்லை.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை

முதலில் வீட்டு வாசலுக்கு வந்து தவணை பேசியவர்களின் தாளையும் பார்த்தோம். கிழமைத் தவணை. திருவிழா இருக்கும் கிழமையும் இல்லாத கிழமையும் அவர்களுக்கு ஒன்றுதான். மாரியில் யோகட் விற்காத மாதங்களில் அந்தத் தவணைக்கு வேறொரு இடத்தில் கடன் எடுக்கவேண்டி வரும். எங்கள் ஊர்களில் நுண்கடனால் நகையையும் நிம்மதியையும் இழந்த பெண்களை நாங்கள் அறிவோம். சாமானைத் தெரிவு செய்யுமுன் கடனைத் தெரிவு செய்யவேண்டியிருக்கிறது. ஒரு பருவம் பெட்டியோடும் ஐஸோடும் ஓடி, வருமானத்தைக் கொப்பியில் கண்டபின் வாங்கும் பிரிட்ஜ் தன் விலையைத் தானே கட்டும்.

வீட்டுக்கு எடுப்பவர்களுக்கும் சில சொல்கிறேன். சின்னப் பிரிட்ஜே மாதம் இருபது யூனிற் வரை கூட்டும். பாவனை கூடக் கூட யூனிற் விலையும் படிப்படியாகக் கூடும் என்பதால் பில்லின் மற்றப் பகுதியும் ஏறும். கரண்ட் நின்று திரும்ப வந்தால் உடனே போடாமல் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள், கொம்பிரசருக்கு நல்லது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிரீசரில் இடம் காலியாக இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்புங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்றபோது அந்தப் போத்தல்கள்தான் பல வீடுகளில் பாலையும் மருந்தையும் காத்தன. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறையில் ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள் பாய்ந்து நாடே இருண்டபோதும் அப்படித்தான்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் நாலு விடயம் எழுதுங்கள். எதைக் குளிராக வைக்கவேண்டும், எத்தனை லீற்றர், எத்தனை பாகையில், எத்தனை நாள். அந்தத் தாளைக் கடைக்காரரிடம் நீட்டுங்கள். தாளோடு போகும் பெண்ணுக்குத் தேவையில்லாததை விற்பது கஷ்டம்.